முன்பக்கப் படி

"நான் வரல. நீ பாத்துட்டு வா" என்று கணவர் சொன்ன உடனேயே இந்தக் கட்டடத்தின் நோய் அவளுக்குப் பாதி பிடிபட்டுவிட்டது.

கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு செய்வது அவள் வேலை. அளவெடுக்கிற கருவியெல்லாம் அலுவலகத்தில் தந்திருந்தார்கள். தராத ஒன்றை அவளே கொண்டுவந்தாள், அது கட்டிய கணவர். மனுஷர் மகா சோம்பேறி. ரிமோட் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால் பிடிக்காத நிகழ்ச்சியைக்கூடக் கடைசிவரை பார்ப்பார். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இவரைப் போலத்தான், இவர் ஏறுகிற மாடிக்கு ஊரே ஏறும் என்பது அவள் கணக்கு. விடுமுறை நாட்களில் ஏதாவது சாக்குச் சொல்லி அவரை இழுத்து வந்துவிடுவாள்.

முச்சந்தியில் நல்ல அகலமான கட்டடம். கீழே செருப்புக் கடை ஓகோவென்று ஓடியது. மேலே இரண்டு மாடியும் வருஷக்கணக்காகக் காலி. படிக்கட்டோ பக்கத்துச் சந்துக்குள், ஜெனரேட்டரையும் குப்பைத் தொட்டிகளையும் தாண்டிப் போனால்தான் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் செருப்புக் கடைக்குள் போய் ஏசிக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்கார வெட்கப்பட்டு, வேண்டாத செருப்பு ஒன்றையும் காட்டச் சொன்னார். அளவு தேடிக் கடைப் பெண் முன்மூலையில் இருந்த சரக்கறையைத் திறந்தாள். கணவரைத் தேடி உள்ளே வந்த இவள், திறந்த கதவு வழியே அட்டைப்பெட்டிகளுக்கு மேலே கூரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நீளவாட்டில் ஒரு பகுதி மட்டும் வேறு பூச்சு. தெருவைப் பார்த்த அந்த அறையில் முன்பு படிக்கட்டு இருந்திருக்கிறது. இடம் போதாமல் யாரோ இடித்து, கூரையை மூடிச் சரக்கு அடுக்கிவிட்டார்கள்.

"அந்தக் கட்டடமா? ராசியில்லாததுன்னு தரகரே சொல்றாரு. மேல வாடகை பூஜ்யம். இதப் போய் வாங்கச் சொல்றீங்களே மேடம்?" என்றார் மறுவாரம் முதலாளியின் அறையில், அலுவலகத்தில் எல்லோரும் கால்குலேட்டர் என்று கூப்பிடும் சக மதிப்பீட்டாளர்.

"ராசியெல்லாம் ஒண்ணுமில்ல சார். முன்னாடி படி இல்ல, அவ்வளவுதான். இன்ஜினியரக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டேன், மறுபடி கட்டலாம்னுட்டாரு. செருப்புக் கடைக்காரரும் சரக்க மேல வெச்சுக்கச் சம்மதிச்சுட்டாரு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "கையச் சுட்டுக்கிட்டா?"

வீடு வீடாக வாடகை வசூலித்து, திட்டு வாங்கி, எத்தனையோ வருஷம் கழித்துக் கிடைத்த நாற்காலி இது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "நான் மறுபடி வசூலுக்கே போயிடறேன் சார்."

வாங்கினார்கள். படி எழும்பியது. மேலே பல் மருத்துவர், துணிக்கடை, முடிதிருத்தும் நிலையம் என்று ஆட்கள் வந்தார்கள்.

திறந்த அன்று காலை அவள் எதிர்ச் சாரியில் வந்து நின்றாள். செருப்புக் கடைக்குப் போனவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். படி பளபளவென்று ஆளில்லாமல் கிடந்தது. பக்கத்தில் கால்குலேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன கணவரின் கார் அவளுக்கு முன்பே வந்து ஓரமாக நின்றது. உள்ளே ஆளில்லை. போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ரெண்டாவது மாடில. முடி வெட்டிக்கலாம்னு வந்தேன்."

"ரெண்டாவது மாடியா! எப்படிப் போனீங்க?"

"இது என்ன கேள்வி? எதிர்ல படி இருந்துச்சு, ஏறிட்டேன்."

நடுத்தெரு என்றும் பாராமல் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கால்குலேட்டர் ஒன்றும் புரியாமல் சாலையைக் கடந்து படியருகே போய் அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஜன்னலில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியும் பாதி வெட்டிய தலையுமாகக் கணவர் கையாட்டினார். கீழே, கையில் புதுச் செருப்புப் பையோடு ஒரு குடும்பம் படியை நோக்கி வந்தது. முன்னால் வந்த அம்மா, "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றாள். கால்குலேட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.