தூங்கும் சரக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, மருந்துக்கடையின் பின்தட்டில் இருந்த பசி டானிக் குறட்டை விட ஆரம்பித்தது. கடைக்காரர் முதலில் குளிர்பெட்டியைச் சந்தேகித்து பிளக்கைப் பிடுங்கினார். "இன்சுலின் கெட்டுடும், சொருகுடா" என்று அவருடைய அக்கா அதட்டினாள். சொருகிவிட்டு அட்டைப்பெட்டியில் காதை வைத்தார். உள்ளே பாட்டில்கள் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

தப்பு அவருடையதுதான். பாட்டில் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனில் "பத்து" என்று மட்டும் சொல்லியிருந்தார்; மொத்த வியாபாரி பத்துப் பெட்டி அனுப்பிவிட்டார். அந்த ஊரில் யாருக்கும் பசிக்குக் குறைச்சல் இல்லை. சரக்கு விற்காமல் கிடக்க, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "டானிக் தூங்குது" என்று புலம்பினார். தினமும் காதில் விழுந்தால் எந்தச் சரக்குதான் நம்பாது? எழுப்பிவிடலாம் என்று கல்லாவுக்குப் பக்கத்தில், விளக்குக்குக் கீழே அடுக்கினார். குறட்டை இன்னும் கனத்தது. வந்தவர்கள் குரலைத் தாழ்த்தித் தலைவலி மாத்திரை கேட்டு, ஓசைப்படாமல் படியிறங்கினார்கள். பெட்டிகள் பின்தட்டுக்கே திரும்பின.

கடையின் உரிமம் அக்காவின் பெயரில் இருந்தது. அது சுவரில் ஏறிய நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மாத்திரைகளை யாருக்காவது மாற்றிக் கொடுத்திருப்போமோ என்று வருஷக்கணக்காக விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள். ஒரு மத்தியானம் தேதி பார்ப்பதற்காகப் பின்தட்டருகே முக்காலி போட்டு உட்கார்ந்தவள், பாட்டிலும் கையுமாக அப்படியே தூங்கிப்போனாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சின்ன வயதில் பார்த்த முகம். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். அதன்பிறகு மத்தியானம்தோறும் அவள் தேதி பார்க்கப் போனாள்.

ஆனால் காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே சரக்கை மொத்த வியாபாரிக்குத் திருப்பிவிட வேண்டும். வேன் வரும் நாளில் அவளே பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள்.

"இருக்கட்டுமேக்கா."

"தேதி முடிஞ்சது ஒரு பாட்டில்கூட கடைல இருக்கக் கூடாது. எனக்காகச் சட்டத்தை மாத்துவாங்களா?" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேன்காரர் முதல் பெட்டியைத் தூக்கினார், கொட்டாவி வந்தது. கடைக்காரர் குறுக்கே நின்றார்.

"இறக்குங்க. அது வித்துப்போச்சு."

"மொத்தமுமா? எந்தப் புண்ணியவான்ணே?"

"நான்தான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "பில் போட்டியா?"

"போட்டாச்சு. மாடிக்கு ஏத்தணும், ஒரு கை பிடி, அக்கா."

பத்துப் பெட்டியும் மாடியில் அவள் கட்டிலுக்கு அடியில் போயின. தேதி முடிந்தது, டானிக்குக்கு அது தெரியவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி கடையில் குறை ஒன்றும் காணாமல், மாடிச் சத்தத்தை மட்டும் அண்ணாந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்கா சதை பிடித்தாள், சிரித்தாள், ஒரு மாத்திரையையும் மாற்றிக் கொடுக்கவில்லை. விடிந்ததும் திறந்த கடை அவள் எழுந்த பிறகு திறக்கலாயிற்று. ஊரும் அதற்கேற்ப நோயைத் தள்ளிப்போட்டுக்கொண்டது.

வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்திருந்த தையல்காரர் ஒருநாள், கண் இரண்டும் சிவந்து, மாடியில் கேட்கும் சத்தத்துக்குச் செவிகொடுத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு கல்லாவின் மேல் குனிந்து கேட்டார்:

"அண்ணே, வேற ஏதாவது சரக்கு தூங்குதா?"