மாடித் தரைக்கு மெருகு

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகும் தெருவில் பஷீருதீனின் வீடு இருந்தது. கீழே குடும்பம், மேலே வாடகைக்கு விடும் அறைகள். மாமல்லபுரத்தில் இடம் கிடைக்காத வெளிநாட்டுக்காரர்களும், சனி ஞாயிறுகளில் சிறுசேரியிலிருந்து கிளம்பி வரும் கம்பெனிப் பிள்ளைகளும் அங்கே வந்து தங்குவார்கள். அறைகளைப் பார்த்துக்கொண்டது அவன் தங்கை ஹபீபா. கணவன் சாலை விபத்தில் போன பிறகு அண்ணனோடு வந்து இருந்தவள்.

அந்த வருடம் மாடியில் டைல்ஸ் பெயர்ந்துவிட்டது. மரத்தரை போட்டால் ஆட்கள் விரும்பி வருவார்கள் என்று யாரோ சொல்ல, பஷீருதீன் செங்கல்பட்டு பழைய மரக்கடையில் தேடி ஒரு லோடு தேக்குப் பலகை கொண்டுவந்து இறக்கினான். மதுராந்தகத்தில் இடித்த ஒரு ரைஸ் மில்லின் மேல்தளப் பலகைகள். ஆணி பிடுங்கிய ஓட்டைகளும், மூட்டைகளை இழுத்து இழுத்து விழுந்த தடங்களும் அப்படியே இருந்தன. ஆசாரி வந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மேல இன்னா பூசறதுன்னு நீயே பாத்துச் சொல்லு. எனக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்" என்றான் பஷீருதீன்.

அவன் போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் ஹபீபா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் இதற்கு முன் எதையும் அவள் தீர்மானித்ததில்லை. எந்த மீன் வாங்குவது என்பதைக்கூட அண்ணிதான் சொல்வாள்.

மிச்சமிருந்த ஒரு பலகையை எடுத்து, சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்தாள். ஒரு பகுதிக்கு வார்னிஷ், ஒன்றுக்கு மெலமைன் பாலிஷ், அடுத்ததற்குக் கண்ணாடிபோல மூடிக்கொள்ளும் பி.யூ. பூச்சு, கடைசிப் பகுதிக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். காய்ந்ததும் பலகையைச் சமையலறை வாசலில் போட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன்மேல் நடந்தார்கள். அவள் அதில் டீயை ஊற்றிப் பார்த்தாள். மீன் குழம்பு சொட்டவிட்டாள். இரும்பு ஸ்டூலைப் போட்டு இழுத்தாள். பிறகு மொட்டைமாடியில் உப்புக்காற்றில் கிடத்தினாள். அண்ணி அதைப் பார்த்து, "மரத்துக்குப் பரீட்சை வெச்சிகினு இருக்கியா" என்று சிரித்தாள். ஹபீபாவும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலை பிடித்திருந்தது.

ஒருநாள் பஷீருதீன் சாப்பிடும்போது பலகையைக் கொண்டுவந்து காட்டினாள்.

"டீக்கறை பி.யூ.ல ஒட்டவே இல்லண்ணே, அது நெசம். ஆனா கீறல் வுழுந்த எடத்துல தண்ணி உள்ள பூந்து வெளுத்துப் போச்சு பாரு. அத சரி பண்ணணும்னா மொத்தமும் சொரண்டணும். எண்ணெய் பூசுனதுல கறை புடிக்குது. ஆனா புடிச்ச எடத்துல மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கொஞ்சம் எண்ணெய் வெச்சாப் போயிடுது. வருசத்துக்கு ஒருக்கா பூசிகினே இருக்கணும். அத நான் பாத்துக்கறேன்."

"பளபளன்னு இருக்காதே."

"இருக்காது. ஆனா வழுக்காது."

பஷீருதீன் விரலால் தடவிப் பார்த்தான். "சரி" என்றான். ஹபீபா எண்ணெய்க்குச் சொல்லி வைத்தாள்.

அதற்குள் அவன் ஒரு சிநேகிதனின் ரிசார்ட்டுக்கு விருந்துக்குப் போய் வந்தான். அங்கே தரையில் விளக்குகள் தண்ணீரில் தெரிவதுபோலத் தெரிந்தனவாம். மறுநாள் காலை பாலிஷ் வேலை செய்யும் எல்லப்பன், பி.யூ. அடிக்கக் கம்ப்ரஸரோடு வந்து நின்றான்.

"அண்ணே, எண்ணெய்னுதானே பேச்சு?"

"மார்கழி சீசனுக்கு ஒரு குரூப் வருது. போட்டோ அனுப்பணும். எண்ணெய் தடவுன தரைய போட்டோவுல பாத்தா பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்."

"மில்லுல மழையில கெடந்த பலக. ஈரம் இன்னும் கீதுண்ணே. மேல மூடிட்டா உள்ள இருக்கிற தண்ணி எங்க போவும்?"

"நீ ஒரு பலகய வெச்சி வெளையாடிட்டா இஞ்சினீயரா?" என்றான் பஷீருதீன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஹபீபா மாடிக்குப் போனாள். எல்லப்பன் பலகைகளின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்றது சரிதாங்க்கா. இன்னும் காயல. ஐப்பசி மழ முடிஞ்சி வெயில் பட்டப்புறம் அடிச்சா நிக்கும்" என்றான்.

"அத அண்ணன்கிட்ட சொல்லேன்."

"சொன்னா வேற ஆள வெச்சிப்பாரு" என்று சொல்லிவிட்டு மெஷினை இணைத்தான்.

தரை பளபளத்தது. ஜன்னல் கம்பிகள்கூட அதில் தெரிந்தன. பஷீருதீன் முழங்காலிட்டு உட்கார்ந்து பல கோணங்களில் போட்டோ எடுத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நாம்தான் வீணாகப் பயந்தோமோ என்று ஹபீபாவுக்கே தோன்றியது.

குரூப் வந்து தங்கியிருந்தபோது முதலில் ஜன்னலோரம் வெள்ளை படர்ந்தது. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கால் பட்டதும் மேல்பூச்சு பாலாடைபோலப் பிய்ந்து வந்தது. அங்கே தங்கிய ஒரு பெண் அதைப் படம் எடுத்து, வீட்டின் பெயரோடு இணையத்தில் போட்டாள். அடுத்து வர இருந்தவர்கள் வரவில்லை.

பஷீருதீன் எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டான். அண்ணி, ஹபீபா, எல்லப்பன் மூவரும் நின்றார்கள்.

"தெனம் பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்திக் கழுவுனியா?" என்று ஹபீபாவைக் கேட்டான்.

"ஈரத்துணிய நல்லாப் புழிஞ்சிதான் தொடச்சேன். ஒருநாளும் ஊத்தல."

"எல்லப்பா, நீ சொல்லு. எதனால இப்பிடி ஆவும்?"

எல்லப்பன் கொப்புளத்தை நகத்தால் நிமிண்டினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தண்ணி அதிகமா பட்டா இப்பிடித்தான் ஆவும் பாய்" என்றான்.

"கேட்டியா" என்றான் பஷீருதீன்.

ஹபீபா எல்லப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடியும் போட்டுக்கொண்டான். அண்ணி, "சரி விடுங்க, வேணும்னேவா பண்ணா?" என்றாள். அந்த இரக்கம்தான் ஹபீபாவைச் சுட்டது. குற்றம் அவளுடையது என்று முடிவாகிவிட்ட பிறகு வந்த இரக்கம் அது.

படியிறங்கும்போது எல்லப்பன் பின்னால் வந்தான். "அக்கா, கோச்சிக்காத. பாய் சொல்லித்தான் நாலு எடத்துல வேல வருது. என் பொயப்பு அவர் கையில கீது."

"தெரியும். போ."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுபடி ஆள் வைத்துச் செய்யப் பஷீருதீனுக்கு மனமில்லை. "உன் எண்ணெயையே பூசிக்க. கெடுத்தவதான சரி பண்ணணும்" என்றான். பங்குனி வெயிலில் ஹபீபா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாடகை மெஷினை வைத்துத் தரையைச் சுரண்டினாள். மெஷின் போகாத மூலைகளை உப்புத்தாளால் தேய்த்தாள். தலைமுடியெல்லாம் மரத்தூள். தோள்பட்டை வலியில் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. ஜன்னல்களைத் திறந்துபோட்டு, தேய்த்த பலகையைக் கொஞ்சநாள் வெயிலிலும் காற்றிலும் காயவிட்டாள். பிறகு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு, பலகை பலகையாக ஏற்றினாள். கருத்த தேன் நிறம் உள்ளேயிருந்து எழுந்து வந்தது. மூட்டை இழுத்த தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. வேலை முடிந்த காலையில் வெறுங்காலோடு ஒருமுறை குறுக்கே நடந்து பார்த்தாள். அதைப் பார்க்க அங்கே யாருமில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வந்தவர்கள் தரையைப் பற்றித் தவறாமல் பேசினார்கள். காலுக்கு இதமாக இருக்கிறது என்றார்கள். அறைகள் மறுபடி நிரம்பின.

ஒரு நாள் கோவளத்தில் விடுதி நடத்தும் மோகன் என்பவர் தரையைப் பார்ப்பதற்காகவே வந்தார். ஹபீபா டீ கொண்டுபோனபோது பஷீருதீன் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரு பலகையில எல்லாத்தையும் பூசிப் பாத்தேன் சார். டீ ஊத்துனேன், ஸ்டூல் போட்டு இழுத்தேன். உப்புக்காத்துல போட்டேன். அப்புறம்தான் எண்ணெய்னு முடிவு பண்ணேன். நம்ம கடலோரத்துக்கு இதான் தோது. எல்லாரும் பளபளப்ப நம்பி ஏமாந்துடறாங்க."

"பெரிய பொறுமைதான் உங்களுக்கு" என்றார் மோகன். "ஒரு கை பூசிட்டு அடுத்த கைக்கு எவ்ளோ நாள் விடணும் பாய்? மெழுகு எப்ப போடறது?"

பஷீருதீன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. உப்பு டப்பா எங்கே என்று கேட்பவனைப்போலப் பார்த்தான்.

"சொல்லு ஹபீபா."

ஹபீபா டீக்கிளாஸ்களை மேசைமேல் வைத்தாள். "எனக்கு இன்னா தெரியும். பூசிப் பாத்தது அண்ணன்தான். அண்ணனையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மோகன் சீக்கிரமே கிளம்பிவிட்டார். பஷீருதீன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"வெளி ஆளு முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்ட."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதான். சொல்லியிருக்கணும். என் வூட்டுல இருந்துகினு எனக்கே வாய மூடிக்கினியா?"

ஹபீபா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு எல்லப்பன் முன்னாடி நான் வாயத் தொறந்தேன். அப்ப யாரும் கேக்கல" என்றாள். அவன் மனதில் அப்படி ஒரு நாள் இருந்ததாகவே தெரியவில்லை.

அடுத்த வாரம் மாடி அறைகளைப் பார்த்துக்கொள்ள ரேணுகா என்று ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்தான். சாவிக்கொத்தை ஹபீபாவின் இடுப்பிலிருந்து அண்ணிதான் கேட்டு வாங்கிப்போனாள். "நீயும் எவ்வளவுதான் செய்வ, கொஞ்சம் ஓய்வா இரு" என்றாள்.

ஹபீபாவுக்குச் சமையல் மட்டும் மிஞ்சியது. மாடியில் யாராவது நடந்தால் பலகைச் சத்தம் அடுப்படிவரை கேட்கும். அப்போது அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவுவாள்.