தீப்பெட்டி அளவில் ஒரு பேருந்து

மலைப்பாதையில் பேருந்து உருண்டதில் தமயந்தியின் அக்கா செண்பகம் போய்விட்டாள். அதற்குப் பிறகு தமயந்தியால் எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. போடியிலிருந்து தேனிக்கு நடந்தே போய்க் கண் ஓட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டாள். அங்கே மனத்தில் கிடப்பதைக் கண் வழியாக எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திருப்பித் தர மாட்டார்கள்.

டாக்டர் ரெஜினா இரண்டு விரல்களை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி, இடமும் வலமுமாக அசைத்தார். கண்கள் பின்னாலேயே போயின. விரல்கள் சுவரைத் தாண்டிப் போயின. கண்களும் தாண்டின. அடுத்த அறையில் நர்ஸ் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன வருது?"

"வளைவு. பிரேக் புடிக்கல. அக்கா என் கையைப் புடிக்கிறா."

"சரி. அதோடவே இருங்க."

விரல்கள் அசைய அசையப் பேருந்து சிறுத்தது. தீப்பெட்டி அளவுக்கு வந்ததும் டாக்டர் அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதை எங்க கொண்டுபோறீங்க?"

"பயம் போயிருச்சுல்ல?"

போய்விட்டிருந்தது. அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

டாக்டர் வெளியே போய்விட்டுக் கைகளைத் துடைத்தபடி திரும்பினார். கோட்டுப் பை தட்டையாக இருந்தது. தமயந்தி எழுந்து கூடத்துக்குப் போனாள். பெஞ்சில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் பேருந்தில் பிடிப்பதுபோல் முன்கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அங்கே கம்பி எதுவும் இல்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"பஸ் கவுந்துருச்சும்மா. எங்கக்கா கையைப் புடிச்சுக்கிட்டு, 'பயப்படாதடி'ன்னா. என்னை எதுக்கு 'டி' போட்டான்னுதான் வெளங்கல."

தமயந்தி உள்ளே திரும்பினாள்.

"என்னோடதை அவருக்குக் குடுத்திருக்கீங்க."

"அவருக்குன்னு எதுவுமே நடக்கலம்மா. வெறுமனே இருக்க முடியலன்னு வந்தாரு."

"அக்காவை மட்டும் குடுத்துருங்க."

"தனியாப் பிரிக்க முடியாது. பஸ்ஸோடதான் வருவாங்க."

டாக்டர் புன்னகை செய்தார். தமயந்தி அந்தப் புன்னகையை நம்பவில்லை. வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கய்யா. ஜன்னல் பக்கம் அக்காவுக்கு."

அவர் நகர்ந்தார். தமயந்தி நடுவில் உட்கார்ந்தாள். பெஞ்சு மெதுவாக வளைவில் திரும்பியது. ஜன்னல் பக்கமாகக் கையை நீட்டி வைத்தாள்.

ஒரு கை வந்து பிடித்தது. அக்காவின் வளையல்தானா என்று தடவிப் பார்த்த பிறகுதான் தமயந்தி விரல்களை மூடினாள்.