பெயர் மாறாத கார்

புங்குடுதீவு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் சிவரூபிக்கு அந்த வெள்ளைக் கார் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காதது விற்கிறவனை. கேள்வி முடியுமுன்னே டெனிஸ்ரன் பதில் வைத்திருந்தான்.

"பற்றரி புதுசு அக்கா. மூண்டு வருச வொறன்ரி. இந்தாங்கோ காட்."

அட்டையில் இருந்த கொழும்பு இலக்கத்துக்கு அவள் ஊர்காவற்றுறையில் அவன் வாசலில் நின்றபடியே போன் எடுத்தாள். பற்றரியை வாங்கிப் பூட்டியவருக்கு மட்டுந்தான் உத்தரவாதம், வாகனம் கைமாறினால் செல்லாது என்றார்கள்.

"அவங்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்கள்" என்று சிரித்தான் டெனிஸ்ரன்.

பதிவுப் புத்தகத்தில் அவன் பெயரே இல்லை. காரைநகர் அப்புத்துரை என்றிருந்தது. கூடவே ஓர் உரிமை மாற்றப் படிவம். அப்புத்துரையின் கையெழுத்து மட்டும் இருந்தது, வாங்குபவர் பெயரும் திகதியும் வெறுமை.

"ஆளைப் பாக்கேலுமோ?"

"அவர் கனடாவிலை. உங்கடை பேரை நிரப்பினால் அலுவல் முடிஞ்சுது."

சிவரூபி விலாசத்தை மனதில் பதித்துக்கொண்டாள். அடுத்த லீவு நாளில் காரைநகருக்குப் போய்ப் படலையைத் தட்டினாள். கனடாவில் இருக்கவேண்டியவர் இடுப்பில் கட்டிய சாரமும் வெறும் மேலுமாக வந்தார்.

காரின் இலக்கத்தைச் சொன்னதும், படலையைத் திறக்கக் கொளுக்கியில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நீர் ஆர்? பொலிசோ?"

"இல்லை ஐயா. அந்தக் காரை வாங்கலாமெண்டு பாக்கிறன்."

"நான் வித்து நாலு வருசம். போன மாசம் அது ஆரையோ இடிச்சுப்போட்டு ஓடினதெண்டு பொலிஸ் என்னட்டை வந்தது. உம்மை ஆர் அனுப்பினது?"

காரின் முன்பக்கத்தில் மட்டும் பெயின்ற் புதிதாக மினுங்கியது சிவரூபிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி அடையாள அட்டையை நீட்டினாள். அவர் படத்தையும் முகத்தையும் இரண்டுதரம் பார்த்த பிறகே, விற்கிறவனைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொல்லிச் சேட்டுப் போட உள்ளே போனார்.

ஊர்காவற்றுறைக்குப் படகில் கடக்கும்போதும் இருவரும் தள்ளித்தான் நின்றார்கள்.

இவர்தான் அப்புத்துரை என்று சிவரூபி சொன்னதும் டெனிஸ்ரனின் சிரிப்பு நின்றது. அவர் படிவத்தைப் பார்க்கக் கேட்டார். கைக்கு வந்ததும் நாலாகக் கிழித்தார்.

"பேர் மாத்திறதெண்டால் இனி நான் நேரிலை வந்துதான் தம்பி. முதல்லை, இந்தக் கார் ஆளை இடிச்ச கதையைச் சொல்லப் பொலிசுக்கு நட."

"நான் இடிக்கேல்லை ஐயா! எனக்கும் உப்பிடி வெறும் கடுதாசிதான் தந்தவங்கள்."

அது உண்மையாகவும் இருக்கலாம். சிவரூபி நம்பவில்லை.

காரிலேயே போவோம் என்று டெனிஸ்ரன் கதவைத் திறந்தான். அவள் ஏறவில்லை. அப்புத்துரையும் ஏறவில்லை. வெயிலுக்குள் மூன்று பேரும் நடந்தே போனார்கள்.