மூன்று பல் குறைத்தவள்

அக்காவின் வண்டியில் யார் எதைத் தொடலாம் என்பதற்கு எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. ஸ்பிரிங், குலுக்கலைத் தாங்கும் ஷாக், ஷாக்குக்குள் ஊற்றும் எண்ணெய் எல்லாம் என் பாடு. மோட்டாரும் பல்சக்கரமும் அவள் பாடு. வண்டி என்றால் ஆள் ஏறிப் போகிற வண்டி இல்லை. முழங்கை நீளத்தில், ரிமோட்டில் ஓடி, மண்மேடுகளில் பாய்ந்து குதிக்கிற பந்தய வண்டி. நான் சோபா தைத்துப் பிழைக்கிறவள். உட்காரப்போகிறவரின் கனம் தெரிந்தால் எந்த ஸ்பிரிங் என்று சொல்லிவிடுவேன். அக்கா பதினான்கு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். எந்த மேட்டுக்கு எந்த கியர் என்று அவளுக்கு நான் சொன்னால் என் வாயைத் தைத்துவிடுவாள்.

இப்போது அவள் பேருந்து ஓட்டுவதில்லை. போன வருடம் இடது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்புக் கோளாறு, மாத்திரையில் கட்டுப்படும், முழுசாகப் போகாது என்றார் டாக்டர். டிப்போவில் அவளை மேஜை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவள் டம்ளரை வலது கையால் வாங்குவாள். நான் கவனிக்காத மாதிரி இருப்பேன். இரண்டு பேரும் பெரிய நடிகைகள்.

அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஸ்டியரிங் அந்த ரிமோட்டில் இருந்தது. அதை வலது கை திருப்பும். வேக விசையை இழுப்பது இடது கையின் ஆள்காட்டி விரல், வம்பு அங்கேதான். போன இரண்டு பந்தயத்திலும் மூன்றாவது வளைவில் விரல் துள்ளி வண்டி கவிழ்ந்தது. இரண்டாவது முறை வீடு திரும்பும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “இந்த ஞாயிறும் இப்படியே ஆச்சுன்னா வண்டிய யாருக்காவது குடுத்துடலாம்டி” என்றாள். பழைய பேப்பரைப் போடச் சொல்கிற குரலில் சொன்னாள்.

அதனால்தான் சனிக்கிழமை மதியம், அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில், நான் எல்லை தாண்டினேன். மோட்டார் முனையில் இருந்த இருபத்திரண்டு பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பத்தொன்பது பல் சக்கரத்தை மாட்டினேன். பல் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் வண்டி கவிழாது. இதுதான் என் பெரிய மூளை போட்ட கணக்கு. அதற்கும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மோட்டாரை நெருக்கி, திருகை இறுக்கி, காகிதத்தை உருவினேன். அப்படிச் செய்தால்தான் பற்களுக்கு நடுவே சரியான இடைவெளி கிடைக்கும். அக்கா செய்து நூறு முறை பார்த்திருக்கிறேன். பின் ஸ்பிரிங்கையும் ஒரு படி இளகலாக மாற்றினேன். அது என் பாடு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருபத்திரண்டைப் பொத்தான் டப்பாவில் ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு காலை, கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மண் திடலில் பயிற்சி ஓட்டம். ஓட்டுகிறவர்கள் மர மேடையில் நிற்பார்கள். வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்த நான் கீழே ஓடுபாதை ஓரத்தில் நின்றேன். அக்கா விசையைத் தொட்டாள். வண்டி மூக்கைத் தூக்கி நின்று, அப்படியே மல்லாந்தது. நிமிர்த்தி வைத்தேன். மறுபடியும் மல்லாந்தது. மூன்றாவது முறை அவள் மேடையை விட்டு இறங்கி வந்துவிட்டாள். ரிமோட்டை அணைத்து, எங்கள் மேஜை முன்னால் உட்கார்ந்து, இடது கையை வலது கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“முடிஞ்சுதுடி. தொட்டாலே பாயுது. விரல் சுத்தமா போச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேகத்தைக் குறைத்த வண்டி எப்படிப் பாயும்? பக்கத்து மேஜையில், எங்களைப் போலவே பந்தயத்துக்கு வருகிற பல் டாக்டர் ஒருவர் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, சின்ன கியரா போட்டுட்டீங்களா? கிளம்பும்போதே மூக்கத் தூக்குதே?” என்றார்.

“இல்ல டாக்டர், அதே இருபத்திரண்டுதான். என் கைதான் சரியில்ல” என்றாள் அக்கா. பல்லை எண்ணிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வண்டி என் கையில்தானே இருந்தது, நான் பல்சக்கரத்தைத் தொடமாட்டேன் என்ற நம்பிக்கை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் குறைந்தால் ஓடி எட்டுகிற வேகம்தான் குறையும். கிளம்புகிற இழுவை கூடிவிடும், பேருந்தின் முதல் கியர் மாதிரி. நடுங்குகிற விரலுக்கு இதைவிட மோசமான கியரைத் தேடினாலும் கிடைக்காது. சொல்லாவிட்டால் தன் விரல் செத்துவிட்டது என்றே அவள் நினைத்துக்கொள்வாள். சொன்னால், அவளால் வேகத்தைச் சமாளிக்க முடியாது என்று நான் நினைத்தது தெரிந்துவிடும்.

“அக்கா, உன் விரல் இல்ல. கியர நான் மாத்திட்டேன்.”

“எத்தன பல்லு?”

“பத்தொம்பது. பின் ஸ்பிரிங்கையும் இளக்கிட்டேன்.”

“மண்ணுல, பின் ஸ்பிரிங்கையும் இளக்கிட்டு, பத்தொம்பதா? நட்டுக்கிட்டு நிக்காம என்ன செய்யும்? எதுக்குடி மாத்தின?”

“வேகம் குறையட்டும்னு.”

அவள் முகம் இறுகியது. “என் மேல அவ்வளவு இரக்கமா?”

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். “ஆமா, இரக்கம்தான்! ஒரு வருஷமா நீ டம்ளர வலது கையால வாங்கறத பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கேட்டா கடிச்சுத் தின்னுடுவ. நான் என்னதான் பண்றது?”

பல் டாக்டர் துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். “அப்போ நிஜமாவே விரல் இல்லையா?”

“இல்லக்கா.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“விரல் இல்ல. நான்தான்.”

அவள் இடது கையை வெளியே எடுத்து மேஜைமேல் என் முன்னால் வைத்தாள். அது நடுங்கியது. ஒரு வருடத்தில் முதல் முறையாக அதை என்னிடம் காட்டினாள்.

“நல்லா பாத்துக்க. உக்காரப்போறவ கனம் தெரியாம நீ எப்படிடி ஸ்பிரிங் போட்ட? இந்தக் கைக்கு ஏத்த மாதிரி வண்டிய ரெடி பண்ணு.”

“நீ காட்டவே இல்லியே” என்றேன்.

அவள் எழுந்தாள். பழைய அக்கா. “இருபத்திரண்டு வேணாம், இருபத்திமூணு போடு. மெதுவா கிளம்பும். மோட்டார் சூடாகும், அஞ்சு நிமிஷம் தாங்கும்.” பல் டாக்டரிடம் பல்லுக்கா பஞ்சம்? இருபத்துமூன்றை எடுத்துக் கொடுத்தார். பின் ஸ்பிரிங்கை அவள் மாற்றவிடவில்லை. மேடு பள்ளத்துக்கு இளகலாகவே இருக்கட்டும், ஷாக்குக்குள் எண்ணெயை மட்டும் கெட்டியானதாக ஊற்று என்றாள். ஊற்றினேன். விசையைப் பாதி தூரம் இழுக்கும்வரை மோட்டார் சோம்பலாகவே விழிக்கும்படி ரிமோட்டில் அவள் மாற்றி வைத்தாள். கடைசியாக நான் காகிதத் துண்டைப் பிடிக்க, அவள் இடது கையால் மோட்டாரை நெருக்கினாள். கை ஆடியது. அதன்மேல் என் கையை வைத்தேன். தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். தட்டவில்லை.

பந்தயத்தில் ஒன்பது வண்டிகள், ஐந்து நிமிடம். எங்கள் வண்டி கடைசியாகக் கிளம்பியது. ஆனால் நாலு சக்கரமும் தரையில் இருக்கக் கிளம்பியது. மூன்றாவது வளைவைத் தாண்டியது. அடுத்த சுற்றிலும் தாண்டியது. ஒரு வண்டியை முந்தியபோது நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஐந்தாவது சுற்றில், அதே வளைவில், வண்டி துள்ளிக் குப்புறக் கவிழ்ந்தது.

மேடையை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குள் அங்கிருந்து, பேருந்தின் கடைசி இருக்கைவரை எட்டுகிற அந்தக் குரல் கேட்டது.

“ஏய், இந்தத் தடவ நான்தான்டி! என் விரல்தான்!” அத்தனை பேர் முன்னால், அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். “நிக்காத, ஓடிப் போய் நிமிர்த்து! இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு!”

அழுதுகொண்டே ஓடினேன்.