‘வு’வுக்கு இடமில்லை

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நெல் மண்டிச் சுவரில் பொன்னுராஜ் எழுதிக்கொண்டு வந்த வாசகம், கடைசி எழுத்துக்கு முன்பே சுவர் தீர்ந்துபோனதால் நின்றுவிட்டது. ‘தலைவர் முடிவே எங்கள் முடிவு’ என்று இருக்க வேண்டும். ‘தலைவர் முடிவே எங்கள் முடி’ என்று இருந்தது. ‘தலைவர்’ கம்பீரமாக இருக்கட்டும் என்று பாதிச் சுவரை அதற்கே கொடுத்ததில் வந்த வினை. ‘எங்கள்’ ஒட்டடைக் குச்சியாக ஒடுங்கியும் பயனில்லை. சாயங்காலம் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கப்போகும் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் சங்கரலிங்கத்துக்கோ தலையில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது.

“ஏலே பொன்னுராசு, தலைவருக்கு நீங்கதேன் முடி குடுக்குறீகளா?” என்றார் பக்கத்துச் சைக்கிள் கடை அம்மாவாசி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்னுராஜ் அவர்களுக்கு முன்பே சிரித்துவிட்டிருந்தான். தன் அசட்டுத்தனத்துக்குத் தானே முதலில் சிரித்துவிட்டால், மற்றவர் சிரிப்பு அவ்வளவாக உறைக்காது என்பது அவன் அனுபவம்.

மலை மேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகும் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த சமயம் அது. கூலி உயர்வும் ஒரு கோரிக்கைதான். ஆனால் பெண்கள் வேலையை விட்டு இறங்கியது அதற்காக இல்லை. வேலை முடிந்து வெளியே வரும்போது, காய் ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று கங்காணிமார் தோட்டத்து கேட்டில் அவர்களைத் தடவிப் பார்ப்பார்கள். சோதனை போடுவதானால் ஒரு பொம்பளையை வைத்துப் போடு என்பதுதான் அவர்கள் கேட்டது. பொன்னுராஜின் மனைவி மலையம்மாள், சேலைக்கு மேல் போட்டுப்போகும் அவனுடைய பழைய சட்டையின் பையைத் தைத்து மூடியிருந்தாள். கை விட ஒரு சாக்காவது குறையட்டும் என்று. வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று தையலைப் பிரித்து, பையில் வெற்றிலை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த நாளிலிருந்து, மதுரையிலிருந்து எந்தக் கோஷம் வந்தாலும் அர்த்தம் பார்க்காமல் தொண்டை கிழியக் கத்தினான் பொன்னுராஜ்.

அன்று சாயங்காலக் கூட்டத்துக்குப் பெண்கள் தோட்டத்துக்குப் போட்டுப்போகும் சட்டைகளோடேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் உலகத்துப் போராட்டங்களை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் உத்தமபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். முதலாளிமாரோடு பேசி முடித்தாயிற்று, கூலி உயர்ந்துவிட்டது, இது மகத்தான வெற்றி, நாளை எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம் என்றார். பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் பொன்னுராஜ் எழுந்து, “தலைவர் முடிவே!” என்று கத்திவிட்டான்.

பதிலுக்கு மலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கிலியம்மாளின் குரல் மட்டும் வந்தது. “எங்க முடிவுதேன்யா. சோலி முடிஞ்சிருச்சு.”

கூட்டம் கலைந்ததும் பொன்னுராஜ் காருக்குப் போனான். தலைவர் பின் சீட்டில் சாய்ந்திருந்தார்.

“தோழர், கேட் சோதனை என்னாச்சு?”

“படிப்படியாத்தான் போகணும் தோழர்.”

“பொம்பளைய வைக்கச் சம்மதிச்சாகளா?”

“அது ஸ்தாபனம் பரிசீலிக்க வேண்டிய விஷயம்.”

“எம் பொண்டாட்டி காலையில மலைக்குப் போகணும். அவகிட்ட என்னத்தச் சொல்ல?”

“மேலிடத்துல பேசுவோம்.”

தலைவருக்கும் மேலே ஓர் இடம் இருப்பது பொன்னுராஜுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வழக்கமாக இந்த இடத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நகர்ந்திருப்பான். இப்போது நகரவில்லை. கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். விரலில் இருந்த சுவரெழுத்துச் செங்காவி வியர்வையில் இளகிக் கண்ணாடியில் ஒட்டியது. மலையம்மாளும் சங்கிலியம்மாளும் அவன் பின்னால் வந்து நின்றார்கள்.

“கேட்டீகளா, கேக்கலையா? அத மட்டும் சொல்லுங்க,” என்றான் பொன்னுராஜ்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். தலைவர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். பொன்னுராஜைத் தாண்டி மலையம்மாளைப் பார்த்தார்.

“கேக்கலைம்மா,” என்றார். “முதலாளிமார் முன்னால அதைப் பேச எனக்குக் கூச்சமா இருந்துச்சு.”

சொல்லிவிட்டுத் துண்டால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். மலையம்மாள் சட்டைப் பையிலிருந்த வெற்றிலையை எடுத்துப் பொன்னுராஜின் கையில் வைத்தாள். காலிப் பையின் வாயை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “ஊசி வச்சிருக்கியா ஆத்தா?” என்று சங்கிலியம்மாளிடம் கேட்டாள்.