ஃபெபா சொல்லாத வரி

ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். ஒரு டம்ளர் பால் காய்ச்சினேன். கம்பெனி பஸ் ஐந்து ஐம்பதுக்கு மூக்கண்டப்பள்ளி வரும். இன்று ஏறவில்லை. லீவு சொல்லியிருந்தேன். ஏழரைக்கு மாமா வந்தார். பைக்கில் கிருஷ்ணகிரி ரோட்டிலுள்ள கல் பட்டறைக்குப் போனோம். ஃபெபாவின் கல்லறைக் கல் அங்கே இருந்தது.

ஃபெபா என் மனைவி. ஒரு வார இதழில் நிருபர். நாற்பது நாளுக்கு முன் பாகலூர் ரோட்டில் லாரி மோதி இறந்தாள். முப்பத்தொரு வயது.

அவள் அப்பா, அதாவது மாமா ஜெபராஜ், ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் பதினாறு வருடம் கணக்கு வாத்தியார். ஃபெபா மூன்று வயதில் போய்ப் பத்தொன்பதில் திரும்பினாள். கடைசியாக அந்தக் கண்டத்தைப் பற்றித்தான் தொடர் எழுதினாள். எழுதினாள் என்பது சரியல்ல. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். நான் கேன்டீனில் உட்கார்ந்து டைப் செய்வேன். ஆப்பிரிக்கா என்று போடாதே, கிட்வே என்று நாங்கள் இருந்த ஊர்ப்பெயரைப் போடு என்பாள். அவ்வளவு பெரிய நிலத்தில் தனக்கு மூன்று தெருதான் தெரியும் என்பாள்.

அடக்கத்துக்கு மறுநாள் இதழாசிரியர் போன் செய்தார். தொடரின் கடைசிப் பகுதிக்கு முடிவு வரவில்லையாம். அவள் இறந்த அன்று காலை பேசி அனுப்பியது என் போனில் இருந்தது. மாமா எதிரே உட்கார்ந்திருந்தார். அதை டைப் செய்ய முடியவில்லை. நானே ஒரு வரி போட்டு அனுப்பினேன்: 'ஆப்பிரிக்கா என்னைப் பெறாத தாய்.'

போதகர் அதை ஆலயத்தில் வாசித்தார். மாமா கல்லில் வெட்டச் சொல்லிவிட்டார்.

கறுப்புக் கல்மேல் எழுத்து வெட்டிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மணலைப் பீய்ச்சி அடித்தால் எழுத்து பள்ளமாகிவிடும்.

"ஒருவாட்டி படிச்சுப் பாத்துக்கோங்க சார்," என்றார் பட்டறைக்காரர் பெருமாள். "பத்திரிகைக்காரங்க வீடுன்னாங்க. இங்க அடுத்த வாரம் திருத்தம்னு போட முடியாது."

மாமா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். "எல்லார் கல்லுலயும் வசனந்தான் மாப்ள. இதுல எம்பொண்ணு சொன்னது இருக்கட்டும். அங்க போய்க் கெடந்ததுக்கு இந்த ஒரு வரி போதும்."

பெருமாள் சுவிட்சில் கை வைத்தார்.

"அண்ணா, நிறுத்துங்க."

"ஏன், கோணலா இருக்குதா?"

"மாமா, அது அவ சொன்னதில்ல. நான் எழுதினது."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அவ என்ன சொன்னா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"நாப்பது நாளா சொகமாவா இருக்கேன்? போடுங்க."

போட்டேன். போனில் அவள் குரலுக்குப் பின்னால் பஸ் ஹார்ன் கேட்டது.

"ஆஸ்டின், முடிவு இது. ஊத்தங்கரை டீக்கடையில தாத்தாவுக்குத் தனி கிளாஸ் வெச்சாங்கன்னு அப்பா இப்பவும் சொல்லி அழுவாரு. கிட்வேல எங்க வீட்ல வேலை செஞ்ச மெர்சிக்கு நாங்க தனி கிளாஸ் வெச்சோம். பின்பக்க ஜன்னல்ல. அவளே கழுவிக் கவுத்து வெப்பா. பதினாறு வருஷம். அவ புள்ளைங்க பேரு கூட எனக்குத் தெரியாது."

நிறுத்திவிட்டேன்.

  மாமா குனிந்து அந்த வரி இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். வரவில்லை. பெருமாள் பிளேடு கொண்டுவந்து உரித்தார்.

"பேரும் தேதியும் போதும்," என்றார் மாமா. பிறகு என்னிடம், "முடிஞ்சுதா?"

"இன்னும் ஆறு செகண்டு இருக்கு."

"போடுங்க மாப்ள."

"அப்பா இதப் படிக்கணும் ஆஸ்டின். ஒரு வார்த்தையும் கொறைக்காத."